பத்தாம் வகுப்புக்குப் பிறகு மதிய உணவுக்கு யார் பொறுப்பு? சேர்வராயன் மலைப் பள்ளி ஒன்றின் ஓராண்டுப் பதிவு

பின்னணி

சேலம் மாவட்டத்தில் ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் 2024-25 கல்வியாண்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கு மதிய உணவு கொடுக்க எடுத்த முயற்சியை இங்கே பதிவு செய்கிறேன். பள்ளி, ஊர், மாணவர், பெற்றோர் பெயர்கள் எதையும் குறிப்பிடவில்லை. அந்த உணவுக் கணக்கைக் கவனித்துவந்த ஆசிரியர்களில் நானும் ஒருவர். மலைப் பள்ளிகள் பலவற்றில் இதே நிலைமை இருக்கிறது. எங்கள் கணக்கும் எடுத்த முடிவுகளும் அவற்றின் விளைவுகளும் அந்தப் பள்ளிகளுக்கு உதவக்கூடும்.

தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடுவது ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1920-ல் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஆரம்பித்த ஏற்பாடு, 1956-ல் காமராஜர் ஆட்சியில் மாநிலம் முழுவதற்குமான திட்டமாக வளர்ந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் வந்தது. 1984-ல் அது 10 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் விரிந்தது. 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் சேர்ந்தது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைதான் மதிய உணவை உரிமையாகச் சொல்கிறது. ஒன்பதுக்கும் பத்துக்கும் தமிழ்நாடு அரசே தன் நிதியில் போடுகிறது. பத்தாம் வகுப்போடு அந்தக் கோடு நின்றுவிடுகிறது. பிளஸ் ஒன் சேரும் மாணவருக்கு விலையில்லா மிதிவண்டி உண்டு, பாடநூல் உண்டு, பஸ் பாஸ் உண்டு. மதியச் சோறு மட்டும் இல்லை.

சமவெளியில் இந்தக் கோடு அவ்வளவாகக் கண்ணில் படாமல் போகலாம். மலையில் அப்படி இல்லை. எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் மலைவாழ் பழங்குடிக் குடும்பத்தினர். மற்றவர்கள் காபித் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். தாய்மார் விடியற்காலையிலேயே தோட்ட வேலைக்குக் கிளம்ப வேண்டும். பிள்ளைகளும் 7 மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதை விட்டால் முதல் பாடவேளை போய்விடும். அந்த நேரத்துக்குள் மதியத்துக்கும் சேர்த்துச் சமைத்து டப்பா கட்டுவது பல வீடுகளில் நடக்காத காரியம். காபிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வீட்டில் காசு புழங்கும். மழைக்காலத்தில் வேலை குறையும். பள்ளி திறப்பதும் அந்த மழைக்காலத்தில்தான்.

கடையில் வாங்கிச் சாப்பிடலாமே என்று கீழேயிருந்து வருபவர்கள் கேட்பதுண்டு. ஏற்காடு ஏரிப் பக்கம் உள்ள உணவகங்களின் விலைப் பட்டியல் சுற்றுலாப் பயணிகளுக்காக எழுதப்பட்டது. ஒரு பொட்டலம் தக்காளிச் சாதமே 50 ரூபாய். தோட்டக் கூலியில் பிழைக்கும் வீடு இரண்டு பிள்ளைகளுக்குத் தினமும் 100 ரூபாய் எடுத்துக் கொடுக்க முடியாது.

கவனித்தவை

பத்தாம் வகுப்பு வரை தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளை, அடுத்த ஜூனில் அதே வரிசையைக் கடந்து தண்ணீர்க் குழாய்க்குப் போகிறது. இது எல்லா ஆசிரியருக்கும் தெரிந்ததுதான்; யாரும் எழுதி வைத்ததில்லை.

2024 பிப்ரவரியில், செய்முறைத் தேர்வுக்கு முந்திய வாரம், வேதியியல் ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்துகொண்டிருந்த பிளஸ் டூ மாணவி மயங்கி விழுந்தாள். பிற்பகல் முதல் பாடவேளை அது. கையிலிருந்த சோதனைக் குழாய் உடைந்தது; நல்ல வேளையாக அமிலம் மேலே படவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்பது. முந்தின இரவு களி சாப்பிட்டிருந்தாள். அதன் பிறகு தண்ணீர் மட்டும்தான். இரத்தசோகையும் இருந்தது.

அதன்பின் மதிய இடைவேளையை நாங்கள் கொஞ்சம் கூர்ந்து கவனித்தோம். ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி தினமும் வரிசையில் முதல் ஆளாக நிற்பாள். சமையலரிடம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்குவாள். தட்டை எடுத்துக்கொண்டு மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் போவாள். அங்கே பிளஸ் ஒன் படிக்கும் அவள் அண்ணன் காத்திருப்பான். முட்டையைச் சரிபாதியாகப் பிட்டுக் கொடுப்பாள். இப்படி இன்னும் சில குடும்பங்கள் இருந்தன. சமையலருக்கும் இது தெரியும். அவர் ஒன்றும் சொன்னதில்லை.

மேல்நிலை வகுப்புகளில் மொத்தம் 140 பேர் அளவில் படித்தார்கள். பெயர் எழுதாத துண்டுத் தாளில் ஒரே கேள்வி கேட்டோம்: நேற்று மதியம் என்ன சாப்பிட்டீர்கள்? விடுதியில் தங்கியிருப்போருக்குச் சிக்கல் இல்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்தவர்கள் சோறு, குழம்பு என்று எழுதியிருந்தார்கள். 60 பேர் அளவில் ஒன்றுமில்லை என்றோ டீ, பன் என்றோ எழுதியிருந்தார்கள். சிலர் தாளை வெற்றாகவே கொடுத்திருந்தார்கள். அவர்களையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தோம்.

சத்துணவு அமைப்பாளரிடம் பேசினோம். மீதமாகும் சோற்றை அவர் ஏற்கெனவே சிலருக்குக் கொடுத்துவந்தார். ஆனால் அவருக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் பதிவேட்டிலுள்ள பத்தாம் வகுப்பு வரையிலான தலைக்கணக்குக்குத்தான் வருகின்றன. தினமும் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று அனுப்ப வேண்டும். ஆய்வுக்கு வருபவர்கள் இருப்பைப் பார்ப்பார்கள். "மீந்தால் தருகிறேன். மீந்துபோகும் என்று சொல்லிக் கூடுதலாக உலை வைக்க என்னால் முடியாது" என்றார். அவர் சொன்னது நியாயம். சின்னப் பிள்ளைகளின் பங்கிலிருந்து எடுத்துப் பெரிய பிள்ளைகளுக்குக் கொடுப்பதை ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

முதல் முடிவு

பள்ளி மேலாண்மைக் குழு ஏப்ரலில் கூடியது. முன்னாள் மாணவர்கள், சில தோட்ட உரிமையாளர்கள், ஆசிரியர்கள் கொடுத்தது எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சம் ரூபாய் அளவுக்கு வந்தது. சத்துணவுக் கூடத்தோடு கலக்காமல் தனி அடுப்பு, தனி இருப்பு, தனிப் பதிவேடு வைப்பது என்று முடிவானது. கலந்தால் அமைப்பாளர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது காரணம். பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருவரை நாளொன்றுக்கு 300 ரூபாய்க்குச் சமையலுக்கு அமர்த்தினோம். பிள்ளைகளிடம் காசு வாங்குவதில்லை என்றும் முடிவு செய்தோம். எத்தனை பேருக்கு உண்மையில் தேவை என்பது தெரியாமல் விலை வைத்தால், தேவைப்படுகிறவர்களே விலகிவிடுவார்கள் என்று தலைமையாசிரியர் சொன்னார். ஜூன் மூன்றாம் வாரம் தொடங்கினோம்.

தொடங்கியபோது ஒரு தட்டுச் சோறு எங்களுக்கு 25 ரூபாய் ஆனது. அரிசி 6 ரூபாய், பருப்பு 4, காய்கறி மூன்றரை, எண்ணெயும் மளிகைச் சாமானும் இரண்டரை, மலைக்கு ஏற்றும் கூலி 1. ஆக, தட்டில் விழுகிற பொருளுக்கு 17 ரூபாய். மீதி 8 ரூபாயில் 5 சமையல் கூலி, 3 கேஸ். அந்தச் சமயம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைக்கு மத்திய அரசின் மதிய உணவுத் திட்டம் வைத்திருந்த செலவு அளவுகோல், அரிசி நீங்கலாக, நாளொன்றுக்கு 8 ரூபாய் 17 காசு. பருப்பு, காய், எண்ணெய், மளிகை, எரிபொருள் எல்லாம் அதற்குள் அடக்கம். அதே இனங்களுக்கு எங்களுக்கு 13 ரூபாய் ஆனது. அரசு டன் கணக்கில் வாங்குகிறது. நாங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் ஒரு மூட்டை, அரை மூட்டை என்று வாங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே கொண்டுவருகிறோம்.

கேஸ் செலவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதனால் துவரம் பருப்பு திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது. கொள்ளும் மொச்சையும் அதைவிட மோசம். முதல் மாதம் 19 கிலோ வணிக சிலிண்டர் நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. ஆகஸ்டில் பெரிய பிரஷர் குக்கர் ஒன்று வாங்கி, பருப்பை முந்தின இரவே ஊற வைக்கத் தொடங்கிய பிறகுதான் சிலிண்டர் இரண்டு மூன்று நாள் கூடுதலாக வந்தது. மலைப் பள்ளி எதுவும் இப்படி ஒன்றைத் தொடங்குவதானால், முதலில் வாங்க வேண்டியது குக்கர்தான்.

விலை ஏறியது

ஜூலையில் தக்காளி ஏறியது. பூண்டு விலை ஆண்டு முழுவதும் இறங்கவே இல்லை. செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் மொத்த இறக்குமதி வரியை மத்திய அரசு 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக உயர்த்தியது. அடுத்த வாரமே கடையில் எண்ணெய் விலை மாறியது. வணிக சிலிண்டர் விலை ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை மாதந்தோறும் ஏறிக்கொண்டே போனது. குக்கர் மிச்சப்படுத்தியதை அது விழுங்கிவிட்டது.

அக்டோபரில் தட்டில் விழும் பொருளின் விலை 17-லிருந்து 20 ரூபாயாகிவிட்டது. கூலியும் கேஸும் சேர்ந்தால் 28. மூன்று ரூபாய் என்பது சிறியதாகத் தெரியும். 60 பேருக்கு நாளொன்றுக்கு 1,500 ரூபாயாக இருந்த செலவு 1,680 ஆகிவிட்டது. காலாண்டுத் தேர்வு முடிந்தபோது கையிலிருந்தது 40,000 ரூபாய்க்குச் சற்று அதிகம். தீபாவளி தாண்டிச் சில நாட்களுக்கு மேல் அது தாங்காது.

அக்டோபர் கூட்டம்

காலாண்டு விடுமுறையில் மேலாண்மைக் குழு மீண்டும் கூடியது. யார் தருவது என்ற கேள்வி அன்றுதான் நேராக எழுந்தது.

ஒரு தரப்பு, பெற்றோர்தான் தர வேண்டும் என்றது. இலவசமாகக் கிடைப்பதற்கு மதிப்பிருக்காது, பெற்ற பிள்ளைக்குச் சோறு போடுவது பெற்றோரின் கடமை என்று மூத்த ஆசிரியர் ஒருவர் வாதிட்டார். இரக்கமில்லாதவர் அல்லர் அவர். அந்த ஒன்றரை லட்சத்தில் அவருடைய ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி இருந்தது. பிள்ளை தலைநிமிர்ந்து சாப்பிட வேண்டும், தருமச் சோறு என்று நினைக்கக் கூடாது என்பது அவர் கவலை.

ஊராட்சி உறுப்பினர் ஒருவர், இது அரசின் வேலை, நாம் போடப்போட அரசு போடாது என்றார். அவர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் அரசு முடிவெடுக்கும் வரை அந்த 60 பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

நன்கொடையாளர்களை நம்பலாம் என்றார் இன்னொருவர். அதில் எங்களுக்கு அனுபவம் இருந்தது. பிறந்தநாள், திருமண நாள், பெற்றோரின் நினைவு நாள் என்றால் உதவ ஆள் உண்டு. ஆனால் அவர்கள் சர்க்கரைப் பொங்கலும் வடையும் போட விரும்புவார்கள். படம் எடுத்துக்கொள்ளவும் விரும்புவார்கள். செவ்வாய்க்கிழமைச் சாம்பாருக்கும் கேஸ் சிலிண்டருக்கும் பணம் கொடுக்க யாரும் முன்வருவதில்லை.

முடிவில், சாப்பிடும் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 10 ரூபாய் தருவது, முடியாதவர் வகுப்பாசிரியரிடம் சொன்னால் விலக்குத் தருவது என்று தீர்மானம் ஆனது. நிதி தீரும் நிலையில் வேறு வழி தெரியவில்லை. 28 ரூபாய்ச் சோற்றுக்கு 10 ரூபாய் என்பது யாருக்கும் அதிகமாகவும் படவில்லை.

பத்து ரூபாய்க்குப் பிறகு

நான்கு வாரத்தில் சாப்பிடுவோர் எண்ணிக்கை 60-லிருந்து 38 ஆகக் குறைந்தது. விலக்குக் கேட்டு வந்தவர்கள் மூவர் மட்டும். அந்த மூவரும் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. ஆசிரியர் முன் நின்று எங்களிடம் காசு இல்லை என்று சொல்வதைவிடப் பட்டினி கிடப்பது 16 வயதுப் பிள்ளைக்கு எளிதாக இருந்தது.

கணக்கு விரித்துப் பார்த்தபோது இன்னொன்று புலப்பட்டது. 38 பேருக்குச் சமைத்தாலும் சமையல் கூலி 300-தான். கேஸும் பெரிதாகக் குறையவில்லை. அதனால் ஒரு தட்டின் விலை 28-லிருந்து 32 ரூபாயாகிவிட்டது. அப்படியும் நாளொன்றுக்கு நிதியிலிருந்து போகும் தொகை 1,680-லிருந்து 840 ஆகக் குறைந்தது. குழுவில் சிலர் இதை நல்ல செய்தியாகவே பார்த்தார்கள். அந்த 840 ரூபாய் மிச்சத்தைப் பிரித்துக் காட்டினோம். பிள்ளைகள் கொடுத்த காசு 380. மீதி 460 ரூபாய், 22 பிள்ளைகள் சாப்பிடாமல் போனதால் வந்த மிச்சம். இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிய பிறகு கூட்டத்தில் யாரும் மிச்சம் என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை.

பதிவேட்டில் ஒரே வீட்டைச் சேர்ந்த இரு பெயர்களுக்கு நேரே குறிகள் மாறி மாறி விழுந்திருந்தன. திங்கள் அண்ணன், செவ்வாய் தங்கை, புதன் அண்ணன். தாயாரை வரவழைத்துப் பேசினோம். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "பத்து ரூபாய் பெரிய காசு இல்லை, டீச்சர். ஆனால் தினமும் காலையில் கையில் பத்து ரூபாய் இருக்க வேண்டுமே. எங்களுக்குக் கூலி சனிக்கிழமைதான். புதன்கிழமை வீட்டில் பஸ்ஸுக்குக்கூடச் சில்லறை இருக்காது."

தொகையின் அளவைப் பற்றியே அதுவரை பேசிக்கொண்டிருந்தோம். காசு எந்தக் கிழமையில், யார் கையிலிருந்து, யார் கண்முன் கைமாறுகிறது என்பதே ஒரு பிள்ளை சாப்பிடுகிறதா இல்லையா என்பதை முடிவு செய்கிறது. அந்தத் தாய் தர மறுக்கவில்லை. சனிக்கிழமை கேட்டிருந்தால் தந்திருப்பார்.

டிசம்பர் மழையும் புதிய ஏற்பாடும்

டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை மலையைப் புரட்டியது. பிரதான மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டது. பள்ளி திறந்த பிறகும் சேலத்திலிருந்து காய்கறி ஒழுங்காக வரவில்லை. வந்ததும் விலை கேட்கும்படியாக இல்லை. மதிய உணவை நிறுத்திவிடலாமா என்று யோசித்தபோது, சமையல் செய்யும் அம்மா தன் ஊரில் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை பஸ்ஸில் பிள்ளைகளோடு ஒரு பறங்கிக்காய், இரண்டு பை சௌசௌ, கொஞ்சம் பீன்ஸ் வந்தன. அடுத்த நாள் வேறொரு ஊரிலிருந்து அவரைக்காயும் கீரையும் வந்தன. 10 ரூபாய் கொடுக்க முடியாமல் பிள்ளையை நிறுத்திக்கொண்ட வீடுகளும் அனுப்பியிருந்தன. காசு இல்லாத வீட்டில் கொல்லையில் காய் இருந்தது. கொடுக்கும் மனமும் இருந்தது.

அரையாண்டு விடுமுறைக்குப் பின், ஜனவரியில் ஏற்பாட்டை முழுவதுமாக மாற்றினோம்.

தட்டருகே காசு வாங்குவது நின்றது. பிளஸ் ஒன், பிளஸ் டூவில் யார் வந்தாலும் சோறு உண்டு. காலையில் எண்ணிக்கை மட்டும் எடுப்போம். வீடுகளின் பங்கை அந்தந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழு மாதம் ஒருமுறை, கூலி வந்த சனிக்கிழமையில், உறையில் வாங்கும். உறையில் பெயர் இராது. எவ்வளவு என்றும் இல்லை. காயாகவோ கீரையாகவோ தர விரும்புவோர் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பலாம். மூத்த ஆசிரியர் கவலைப்பட்ட தலைநிமிர்வு இந்த முறையில்தான் கிடைத்தது என்று அவரே பின்னர் சொன்னார். பெற்றோர் தங்களால் முடிந்ததை, முடிந்த நாளில் தருகிறார்கள். பிள்ளைக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

நிலையான செலவையும் மாறும் செலவையும் பிரித்தோம். எத்தனை பேர் சாப்பிட்டாலும் மாறாத சமையல் கூலியை இரண்டு தோட்ட உரிமையாளர்கள் பொதுத்தேர்வு முடியும் வரை மாதாமாதம் ஏற்றார்கள். சிலிண்டரை முன்னாள் மாணவர் குழு ஏற்றது. நாள் கணக்கில் உதவ வருபவர்களிடம், அன்றைய பொருள் செலவு 1,200 ரூபாய், உணவுப் பட்டியல் மாறாது, படம் எடுக்க அனுமதி இல்லை என்று முன்கூட்டியே சொன்னோம். சிலர் விலகினார்கள். வந்தவர்கள் மறுபடியும் வந்தார்கள்.

உணவிலும் மாற்றம் செய்தோம். வாரம் இரண்டு நாள் துவரைக்குப் பதில் கொள்ளும் மொச்சையும். ஒருநாள் ராகிக் களி போட்டுப் பார்த்தோம். இரவு வீட்டில் சாப்பிடுவதையே பகலிலும் ஏன் தருகிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள், விட்டுவிட்டோம். சாமைச் சோறு பிடித்திருந்தது, ஆனால் அரிசியைவிட விலை அதிகம் என்பதால் மாதம் இருமுறை மட்டும். முட்டை வாரம் ஒன்று. முட்டைக்குப் பெயர்போன நாமக்கல் பக்கத்து மாவட்டம்தான். ஆனாலும் 60 முட்டை வாங்குவோருக்குப் பண்ணை விலை கிடைப்பதில்லை. அதே வளாகத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தினமும் முட்டை கிடைக்கிறது. ஒரு வகுப்பு கூடிய அண்ணனுக்கு வாரத்தில் ஒன்று. இதை எழுதும்போதும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

விளைவு

ஜனவரி முடிவில் சாப்பிடுவோர் 64 பேர். அக்டோபரில் விலகியவர்களில் ஒருசிலரைத் தவிர எல்லோரும் திரும்பியிருந்தார்கள். அண்ணன் தங்கை இருவருக்கும் தினமும் குறி விழுந்தது. ஊர்க் காய் வந்ததால் தட்டிலுள்ள பொருளின் விலை 20-லிருந்து 18 ரூபாயாக இறங்கியது. உறைகளில் மாதம் 6,000 ரூபாய் அளவில் சேர்ந்தது. தினம் 10 ரூபாய் வாங்கிய காலத்தில் மாதம் 8,000-க்கு மேல் வந்திருக்கிறது. பணமாகப் பார்த்தால் புதிய முறையில் வரவு குறைவு. சாப்பிட்ட பிள்ளைகள் 26 பேர் அதிகம். எதை வெற்றியாகக் கொள்வது என்பதில் குழுவுக்கு இப்போது ஐயம் இல்லை.

பிற்பகலில் வீட்டுக்குப் போய்விடுபவர்கள் குறைந்தார்கள். பிப்ரவரிச் செய்முறைத் தேர்வில் யாரும் மயங்கவில்லை. தேர்வு மதிப்பெண்ணுக்கும் இதற்கும் தொடர்பு சொல்ல ஓராண்டுக் கணக்கு போதாது. அதற்கு நான் முயலவும் மாட்டேன். பிள்ளை பசியோடு உட்காரவில்லை என்பதே எனக்குப் போதுமான காரணம்.

மார்ச்சில் கணக்கு முடித்தபோது மளிகைக் கடைக்கு 4,000 ரூபாய் பாக்கி நின்றது. மே மாதம் தீர்த்தோம். பெயரில்லாத துண்டுத் தாளை மீண்டும் கொடுத்தபோதும் ஒன்றுமில்லை என்று எழுதிய சிலர் இருந்தார்கள். சும்மா கிடைக்கும் சாப்பாடு வேண்டாம் என்று விலகி நிற்கும் பையன்கள் என்று நினைக்கிறோம். அவர்களை எப்படி அழைப்பது என்பதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

சத்துணவைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டிக்கக் கோரி ஜனவரியில் மனு கொடுத்தோம். உரிய துறைக்கு அனுப்பப்பட்டதாகப் பதில் வந்தது.

இனி மாற்ற வேண்டியவை

தொடங்கும் பள்ளிகள் ஜூனில் நிதி திரட்ட ஆரம்பிக்காமல் பிப்ரவரியிலேயே வாக்குறுதி வாங்கிவிடுவது நல்லது. காபிப் பறிப்பு நடக்கும்போது தோட்டங்களிலும் வீடுகளிலும் காசு இருக்கும். முதல் நாள் விலையை ஆண்டு முழுவதற்கும் பெருக்கிக்கொள்ளக் கூடாது. எங்கள் அனுபவத்தில் ஐந்தில் ஒரு பங்காவது கூட்டி வைக்க வேண்டும். கூலிக்கும் கேஸுக்கும் உறுதியான ஆள் கிடைக்காமல் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம். வீடுகளின் பங்கு எதுவானாலும் பிள்ளையின் கை வழியாகக் காசாக வரக் கூடாது.

இவ்வளவும் தற்காலிக ஏற்பாடுதான். இந்தச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. 15 வயதுக்குப் பிறகு பசி குறைவதில்லை. வளரும் வயதில் கூடுகிறது. பத்தாம் வகுப்போடு சோற்றை நிறுத்துவதற்கு உடல் சார்ந்த காரணம் எதுவும் இல்லை. செலவும் நாங்கள் படும் அளவுக்கு அரசுக்கு ஆகாது. கூடம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, அமைப்பாளரும் சமையலரும் இருக்கிறார்கள். கூடுதல் உதவியாளர் ஒருவர் போதும். 2025 மே முதல் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைக்கான மத்திய அளவுகோல் 10 ரூபாய் 17 காசு. அதையே வைத்துக் கணக்கிட்டாலும், 150 கிராம் அரிசி சேர்த்து, எங்கள் 60 பேருக்கு நாளொன்றுக்கு அரசு செலவிட வேண்டியது 610 ரூபாயும் 9 கிலோ அரிசியும். நாங்கள் 1,680 ரூபாய் செலவிட்டுச் செய்ததை அரசு இதைக் கொண்டே செய்ய முடியும். மலைவாழ் மாணவர் அதிகமுள்ள பள்ளிகளிலிருந்தாவது தொடங்கலாம்.

2025 ஜூனில் புதிய ஆண்டு தொடங்கியபோது முதல் நாளே 70 பேர் வரிசையில் நின்றார்கள். சமையல் கூலிக்கு ஆண்டு முழுவதற்கும் உறுதி கிடைத்திருக்கிறது. கேஸுக்கு டிசம்பர் வரைதான். இரண்டாம் முறை கொடுக்கும் மனுவில், நாள்வாரிச் செலவு, சாப்பிட்டோர் எண்ணிக்கை, அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையே விலகிய பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பட்டியலாக இணைத்திருக்கிறோம்.